காணிக் குடியிருப்புகளுக்கு வரும் டி.பி. குடும்பத் தடுப்புச் சேவை: மாத்திரை தேறுகிறது, பட்டியல் தேறவில்லை

விலை: ஒன்றுமில்லை. காலம்: நோயாளிக்கு 6 மாதம், கூட இருப்பவர்களுக்கு 3 அல்லது 6 மாதம். தருவது: தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டம், மாநில சுகாதாரத் துறை வழியாக. இங்கே எடை போடுவது நோயாளிக்கான வைத்தியத்தை மட்டும் அல்ல. ஒருவருக்கு டி.பி. என்று தெரிந்ததும் அவருடைய வீட்டார் அத்தனை பேரையும் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கும் பகுதியைத்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையிலும் கோதையாறு, மோதிரமலை மேடுகளிலும் இருக்கும் காணிப் பழங்குடி மக்களுக்கு இது எவ்வளவு உதவும் என்பதே கேள்வி.

முதலில் சேவையின் அடிப்படை சரியா என்று பார்ப்போம். டி.பி. தட்டில் ஒட்டாது, டம்ளரில் ஒட்டாது. இருமும்போது வெளியே வரும் நுண்துளி, அடைத்த அறையின் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அதே அறையில் படுத்தவர் அதை மூச்சோடு இழுப்பார். கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வராது. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும், அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் ஒல்லியாக இருப்பவர்களுக்கும் சீக்கிரம் மாறும். ஆக, வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்று தெரிந்த நாளில் இருந்து இரண்டு வருடம் அந்த வீட்டின் மேல் கண் வேண்டும்.

ஆசாரிப்பள்ளத்தில் இன்று மருத்துவக் கல்லூரி இருக்கும் இடம் ஒரு காலத்தில் டி.பி. ஆஸ்பத்திரி. "கொண்டுபோய் ஆசாரிப்பள்ளத்தில் சேர்த்தால் வீடு தப்பும்" என்ற பழைய நம்பிக்கை இன்னும் சில வீடுகளில் பேச்சாக இருக்கிறது. 1956ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் 1959லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. சானடோரியம் என்ற டி.பி. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தவர்களுக்கும் வீட்டில் வைத்து மருந்து கொடுத்தவர்களுக்கும் குணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. மருந்து உள்ளே போகப்போக நோயாளி பரப்புவது வேகமாகக் குறைந்துவிடும். வீட்டாருக்குப் பரவியது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் பரவியது. ஆளை நாடு கடத்துவதைவிட, அந்த மாதங்களில் யார் யார் கூட இருந்தார்கள் என்று தேடுவதுதான் வேலை.

அந்தத் தேடலில்தான் சேவை முதலில் இடறுகிறது.

கூட இருந்தவர் என்றால் யார்? மருந்து தொடங்குவதற்கு முந்தைய 3 மாதத்தில் ஒரே கூரைக்குக் கீழே ஒரு ராத்திரியாவது படுத்தவர், அல்லது பகலில் அடிக்கடி நெடுநேரம் அடைத்த இடத்தில் கூட இருந்தவர். திட்டத்தின் விதி இவ்வளவு தெளிவு. ஆனால் படிவம் நிரப்ப வருகிறவர் "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால், ரேஷன் கார்டில் இருக்கிற நாலு பேரின் பெயர்தான் பதிலாக வரும். காணிக் குடியில் அண்ணன் வீடு, தங்கை வீடு, பாட்டி வீடு என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பிள்ளைகள் எந்த வீட்டில் சோறு கிடைக்கிறதோ அங்கே தின்று அங்கேயே படுத்துவிடுவார்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிற பிள்ளை மாதம் ஒருமுறை வந்து இரண்டு ராத்திரி தாத்தாவின் பக்கத்தில் படுத்துவிட்டு, திரும்பி விடுதியில் மற்ற பிள்ளைகளோடு படுக்கும். அந்தப் பெயர் நான்கு பேர் பட்டியலில் எங்கே வரும்?

எனவே கேள்வியை மாற்றிக் கேட்கவேண்டும். "மூன்று மாதமாக இந்த வீட்டில் யார் யார் படுத்தார்கள்? இவர் எங்கெல்லாம் போய்ப் படுத்தார்? விடுதியில் இருக்கிற பிள்ளை எது? வேலைக்கு ஷெட்டில் ஒன்றாகத் தங்குபவர் யார்?" நான்கு கேள்வி, பத்து நிமிடம். ஆஷா என்ற ஊர் சுகாதாரப் பணியாளரோ ஊர்ப் பெரியவரான மூட்டுக்காணியோ பக்கத்தில் இருந்தால் விட்டுப்போன பெயர் தானாக வந்து விழும். சேவையில் செலவே இல்லாமல் திருத்தக்கூடிய குறை இது ஒன்றுதான். இதற்கு 10க்கு 4 போடுவதே தாராளம்.

அடுத்தது சளி. யாருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை, இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அவருக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கும் முன் சளிப் பரிசோதனை. சின்னப் பிள்ளைகளுக்கு இருமலைவிட, எடை ஏறாமல் நிற்பதும் விளையாடாமல் சோர்ந்து கிடப்பதும்தான் அடையாளம்.

சளிக் கப்பில் வருவதில் பாதி சளியே அல்ல, எச்சில். எடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்காமல் கப்பை மட்டும் நீட்டிவிட்டுப் போவதுதான் காரணம். விடியற்காலையில், சாயா குடிக்கும் முன், வெற்றிலை போடும் முன் எடுக்கவேண்டும். வெற்றிலைச் சாறு கலந்தால் சளியா ரத்தமா என்று ஆய்வகத்தில் தெரியாது, சோதனையும் கெடும். வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, முற்றத்தில் ஆள் இல்லாத பக்கம் போய் நின்று, மூன்று தடவை ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, நாலாவது மூச்சில் அடிநெஞ்சில் இருந்து காறித் துப்பவேண்டும். 2 முதல் 5 மில்லி போதும், ஒரு டீஸ்பூன் அளவு. கொழகொழவென்று மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருந்தால் சரி, தண்ணீர் மாதிரி நுரைத்துக் கிடந்தால் மறுபடி எடுக்கவேண்டும். பெயரைக் கப்பின் பக்கத்தில் எழுதவேண்டும், மூடியில் அல்ல. ஒரே வீட்டில் ஐந்து கப்பு வைத்து மூடி மாறிப்போனால் அம்மையின் நோய் மகள் பெயரில் போய் நிற்கும். இறுக மூடி, ஜெல் ஐஸ் வைத்த பெட்டியில், அன்றைக்கே கீழே போகவேண்டும். பைக் டேங்க் மேல் வைத்து வெயிலில் கொண்டுபோனால் எடுத்த பாடு வீண்.

சோதனைக் கருவியைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. இந்தியாவில் செய்த ட்ரூநாட் கருவி பேட்டரியில் ஓடும், ஒரு மணி நேரத்தில் டி.பி. உண்டா இல்லையா என்று சொல்லும், இன்னொரு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு உண்டா என்றும் சொல்லிவிடும். பழைய மைக்ராஸ்கோப்புக்கு ஒரு மில்லி சளியில் ஆயிரக்கணக்கில் கிருமி இருந்தால்தான் கண்ணில் படும். இதற்குச் சில நூறே போதும். இரண்டாவது முடிவைக் கேட்டு வாங்கவேண்டும். நோயாளிக்கு மருந்து எதிர்ப்பு இருந்தால் வீட்டாருக்கு வழக்கமான தடுப்பு மாத்திரை கொடுக்கக்கூடாது, அதற்கு வேறு மருந்து.

எக்ஸ்ரேதான் மலையில் வழுக்குகிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பு மாத்திரை தொடங்கும் முன் நெஞ்சுப் படம் எடுப்பது நல்லது என்கிறது விதி. தோட்டமலைக்குப் படகு ஏறவேண்டும். அங்கிருந்து ஏழு பேரைக் கீழே அழைத்துவந்து எக்ஸ்ரே எடுத்தால் ஏழு பேரின் ஒருநாள் கூலி, படகு, பஸ், சாப்பாடு எல்லாம் சேரும். இரண்டு பேர் வருவார்கள், ஐந்து பேர் "அடுத்த வாரம்" என்பார்கள். கையில் தூக்கும் எக்ஸ்ரே கருவி இப்போது இருக்கிறது, முகாம் போட்டால் மேலேயே எடுத்துவிடலாம். கருவி வரும் வரை என்ன செய்வது? அறிகுறி ஒன்றும் இல்லாத ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எக்ஸ்ரேவுக்காகக் காத்திருக்கவேண்டாம், மாத்திரை தொடங்கலாம். இது பலருக்குத் தெரியாததால், வீட்டில் முதலில் பாதுகாக்கவேண்டிய பிள்ளை கடைசியில் மருந்து வாங்குகிறது.

இனி மாத்திரை. நோயாளிக்கான கூட்டு மாத்திரை எடைக்குத் தகுந்தபடி: 25 முதல் 34 கிலோ வரை 2, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4. மெலிந்த பெண்கள் பலர் 34, 35 என்ற இந்தக் கோட்டின் மேல்தான் நிற்பார்கள். சாணி மெழுகிய மேடுபள்ளத் தரையில் எடை மெஷினை வைத்தால் ஒரு கிலோ சாதாரணமாகத் தப்பும். அந்த ஒரு கிலோவில் தினமும் ஒரு மாத்திரை குறையும். அடியில் ஒரு பலகையைப் போட்டு, முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து, பிறகு ஏறச்சொல்லவேண்டும். ஒரு பட்டையில் 28 மாத்திரை. நாலு மாத்திரைக்காரருக்கு ஏழு நாள் கணக்கு சரியாக வரும். மூன்று மாத்திரைக்காரருக்கு ஒன்பது நாள் போக ஒன்று மிஞ்சும், "ஒருநாள் விட்டுவிட்டோமோ" என்று வீட்டில் சண்டை வரும். காலண்டரில் தினமும் ஒரு கோடு போடுவது இந்தச் சண்டைக்கு மருந்து.

வெறும் வயிற்றில் சாப்பிடுவது நல்லது என்பார்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர் இருட்டோடு கிளம்புகிறார். வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு மேடேறினால் பாதி வழியில் குமட்டும், மறுநாள் மாத்திரையையே மறந்துவிடுவார். இவருக்கு ராத்திரிச் சோறு கழிந்து இரண்டு மணி நேரம் விட்டுக் கொடுப்பதே ஓடும். எந்த நேரம் என்பதைவிடத் தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று முதல் நாளே சொல்லிவிடவேண்டும், இல்லையென்றால் ரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுவார்கள்.

வீட்டாருக்கான தடுப்பு மாத்திரையில் இரண்டு வகை. ஒன்று, ஐசோனியாசிட் தினமும், 6 மாதம். பெரியவருக்கு 300 மில்லிகிராம், பிள்ளைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம். இன்னொன்று 3எச்.பி., ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும் சேர்ந்தது, வாரம் ஒருநாள், 12 வாரம். முதலாவது 180 வேளை, இரண்டாவது 12 வேளை. மலைக்கு எது என்று யோசிக்கவே வேண்டாம், 3எச்.பி. கையிருப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். நோய் இல்லாத ஆள் 180 நாள் மாத்திரை விழுங்கமாட்டார். மூன்றாம் மாதம் பட்டை அடுப்படி ஓட்டில் செருகிக் கிடக்கும். வாரம் ஒருநாள் என்றால் வீடே ஒன்றாக உட்கார்ந்து விழுங்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு கழிந்து என்று வைத்துவிட்டால் ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் நினைவுபடுத்துவார்.

ஒரு வாரம் தப்பினால்? இரண்டு நாளுக்குள் நினைவு வந்தால் உடனே விழுங்கி, பழைய கிழமையிலேயே தொடரலாம். அதற்கும் தாண்டிவிட்டால் உடனே விழுங்கி, அந்தக் கிழமையையே புது நாளாக வைத்துக்கொள்ளவேண்டும். இரண்டு வேளைக்கு இடையே நாலு நாளாவது இருக்கட்டும். 120 நாளுக்குள் 11 வேளை முடிந்தால் முடித்ததாகக் கணக்கு. நாலு வாரமோ அதற்கு மேலோ தப்பியிருந்தால், திரும்பத் தொடங்கவேண்டுமா என்று மருத்துவரைக் கேட்கவேண்டும்.

3எச்.பி. எல்லோருக்கும் ஆகாது. கர்ப்பிணிக்குக் கிடையாது, இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும் கிடையாது, இவர்களுக்கு ஐசோனியாசிட்தான். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு அது பலிக்காமல் போகும், வேறு வழி வைத்துக்கொள்ளவேண்டும். மூன்றாவது, நாலாவது வேளைக்குப் பிறகு காய்ச்சல், உடம்புவலி மாதிரி வரலாம், பெரும்பாலும் ஒருநாளில் போய்விடும். கண் மஞ்சள், தொடர் வாந்தி, சாப்பாடே இறங்காமல் போவது, இதில் ஒன்று வந்தால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு. தினமும் குடிக்கிறவருக்கு ஈரல் பாதிப்புக்கு வாய்ப்பு அதிகம், அவர் குடிப்பதை மறைத்து மாத்திரை வாங்குவதுதான் இந்தச் சேவையில் நடக்கும் ஆபத்தான காரியம். கேட்கிற நர்சம்மா மிரட்டாமல் கேட்டால் உண்மை வரும். கை கால் மரத்துப்போகாமல் இருக்க வைட்டமின் பி6 மாத்திரை கூடவே தருகிறார்களா என்றும் பார்க்கவேண்டும்.

இன்னொன்று: டி.பி. இருக்கிற ஆளுக்குத் தெரியாமல் தடுப்பு ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். சளிக் கப்பைப் பற்றி மேலே அவ்வளவு இழுத்துச் சொன்னதற்குக் காரணம் இதுதான். மொத்தத்தில் மாத்திரைக்கு 10க்கு 9.

சாப்பாடு. நோயாளிக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2018 ஏப்ரலில் 500 என்று தொடங்கி, 2024 நவம்பர் முதல் ஆயிரமாக்கினார்கள். கணக்கு ஆதாரோடு இணையாமல் இருந்தால் பணம் தொங்கும். மருந்து தொடங்கும் நாளிலேயே இதைச் சரிபார்க்காவிட்டால், வைத்தியம் முடிந்த பிறகுதான் பணம் கையில் வரும், அப்போது அது சத்துணவு அல்ல, கடன் அடைக்கும் காசு.

வீட்டாருக்கு அந்தப் பணம் கிடையாது. இதுதான் சேவையின் பெரிய ஓட்டை. ஜார்க்கண்டில் 2019ல் தொடங்கிய ஓர் ஆய்வு இதைப் பச்சையாகக் காட்டியிருக்கிறது. நோயாளியின் வீட்டாரில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், சின்னப் பிள்ளைகளுக்கு அதில் பாதியும் கொடுத்தார்கள். கொடுக்காத வீடுகளோடு ஒப்பிட்டால் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது. வேறு மருந்து எதுவும் இல்லை, அரிசியும் பருப்பும் கூடவே சத்து மாத்திரையும்தான். நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்துக்குள் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்குச் சாவு 61 சதவீதம் குறைவு. 40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்றால் வெறும் 2 கிலோ.

நம் மலையில் அரிசிக்குப் பஞ்சமில்லை, ரேஷனில் சும்மா கிடைக்கிறது. மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) உண்டு. வயிறு நிறையும், ஆனால் மரச்சீனியில் புரதம் நூறு கிராமுக்கு ஒரு கிராம் அளவுதான். குறைவது பருப்பும் முட்டையும் மீனும். ரேஷனில் கிலோ 30 ரூபாய் துவரம்பருப்பை வாங்காமல் விடக்கூடாது. மரச்சீனி அவித்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்போடு தின்பது நம் பக்கத்துப் பழக்கம்தானே, அந்தக் கருவாடு வாரம் ஒருநாள் என்பதை நாலு நாளாக்கினாலே கணக்கு மாறும். ஆயிரம் ரூபாயில் தினம் இரண்டு முட்டைக்கு நானூறு சொச்சம் போனாலும் மிச்சத்தில் நிலக்கடலையும் சிறுபயறும் வாங்கலாம். ஆனால் வீட்டில் நாலு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, நோயாளி மட்டும் இரண்டு முட்டை தின்பார் என்று எதிர்பார்க்கிற திட்டம் வீட்டைப் பார்த்ததில்லை. பிரித்துத்தான் தின்பார்கள். நிக்‌ஷய் மித்ரா என்ற பெயரில் கொடையாளர் தரும் உணவுப் பெட்டியை 2024 கடைசியில் இருந்து வீட்டாருக்கும் தரலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள்.

வீட்டைப் பற்றி. மூங்கில் தட்டிச் சுவருக்குள் காற்று தானாக நுழைந்து தானாக வெளியேறும். அதற்குப் பதில் வந்த ஒற்றை அறைக் கான்கிரீட் வீட்டில் ஒரே ஜன்னல், அதையும் மழைக்கும் குளிருக்கும் பயந்து பாலிதீன் ஷீட் அடித்து மூடியிருப்பார்கள். டி.பி. கிருமிக்கு இதைவிட வசதி கிடையாது. எதிரெதிர்ச் சுவரில் இரண்டு திறப்பு வேண்டும், ஒன்று போதாது. இரண்டாவது ஜன்னலுக்கு வழியில்லாவிட்டால் கூரைக்குக் கீழே இரண்டு செங்கல் அகலத்துக்கு ஓட்டை விட்டு வலை அடிக்கலாம். முதல் இரண்டு வாரம் நோயாளி வராந்தாவில் படுப்பது நல்லது. யானை வருகிற இடத்தில் அது நடக்காது, அங்கே அறைக்குள்ளேயே காற்று வெளியேறும் பக்கத்தில் அவர் படுக்கை, பிள்ளைகள் மறுபக்கம். ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரையில் ஆளைத் தனியாகப் படுக்கவைப்பது மட்டும் வேண்டாம், அந்தப் புகையில் நெஞ்சு இன்னும் கெடும். இருமும்போது தோர்த்துத் துண்டை மடித்து வாயில் பிடித்தால் போதும், தோர்த்து தினமும் வெயிலில் காயட்டும். தட்டு, டம்ளரைப் பிரித்து வைப்பதால் ஒரு கிருமியும் சாகாது. பிரித்துவைத்ததைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் தன் இருமலை மறைப்பார், அவ்வளவுதான் பலன்.

மாத்திரை கொடுப்பவராக யாரைப் போடுவது? சொந்த வீட்டார், ஆஷா, அல்லது ஊர் வைத்தியரான பிலாத்தி. மூன்றாவதுக்குச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை உலகத்துக்குக் காட்டியது அகத்தியமலைக் காணி மக்கள்தான். அந்த மரியாதையோடு பேசினால், "சளிக்கு என் கஷாயம் குடி, மாத்திரையையும் விடாதே" என்று அவரே சொல்வார். கஷாயம் என்ன சேர்த்தது என்பது மட்டும் மருத்துவருக்குத் தெரிந்திருக்கட்டும், ஈரலுக்கு இரட்டைப் பாரம் ஏறக்கூடாது.

தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் மூன்று சங்கதி பார்க்கிறார்கள்: மிகவும் மெலிந்த உடம்பு, மூச்சுத்திணறல், பிடிக்காமல் எழுந்து நிற்கமுடியாமை. நோயாளியிடம் இதில் ஒன்று இருந்தாலும் மலையில் வைத்துப் பார்க்கவேண்டாம், கீழே கொண்டுபோய்ப் படுக்கையில் சேர்க்கவேண்டும். படகு நிற்கும் மழைநாளுக்கு முன்பே இந்த முடிவை எடுத்துவிடவேண்டும். அதே கணக்கில், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்னும் ஐப்பசி மழைக்கு முன்னும் ஒரு மாத மாத்திரை கூடுதலாக வீட்டில் இருக்கும்படி வாங்கி வைப்பது நல்லது.

12 வாரம் முடிந்ததும் கோப்பு மூடப்படுகிறது, அங்கேயும் ஒரு தப்பு. நோயாளியை வைத்தியம் முடிந்த பிறகு 6, 12, 18, 24ஆம் மாதங்களில் திரும்பப் பார்க்கவேண்டும். அந்த நாலு நாளிலும் மாத்திரை வேண்டாம் என்றவர்கள், பாதியில் விட்டவர்கள், விடுதியில் இருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து எடை பார்த்து, இருமல் கேட்டுவிடலாம். யாரும் வரவில்லை என்றால் 1800 11 6666 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசி, நோயாளியின் நிக்‌ஷய் எண்ணை, அதாவது திட்டத்தில் அவருடைய பதிவு எண்ணை, சொல்லுங்கள். அந்த எண் சிகிச்சை அட்டையில் இருக்கும். அட்டை நனைந்து அழிவதற்கு முன் சுவரில் கரியால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போனில் சிக்னல் கிடைக்கிற பாறை வரைக்கும் அட்டையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதில்லை.